எங்கள் தெருமுனையில் 90 வீடுகள் வரப்போகின்றன: எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். தனி வீடுகள் மட்டுமே உள்ள புறநகர்ப் பகுதியில் 12 ஆண்டுகளாக இருக்கிறீர்கள். தெருமுனையில் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் காலி நிலம். அதில் 5 மாடியில் 90 வீடுகள் கட்ட விண்ணப்பம் போயிருக்கிறது, கருத்துச் சொல்ல இன்னும் 16 நாள் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் எதிர்ப்பு மனுவை வீடு வீடாக எடுத்துவந்து கையெழுத்து வாங்குகிறது. டிராஃபிக், வெள்ளம், வீட்டு மதிப்பு, பாதுகாப்பு, பகுதியின் தன்மை என்று மனுவில் ஐந்து காரணங்கள். "இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போடாவிட்டால் தெருவில் யார் முகத்தையும் பார்க்க முடியாது, போட்டால் மனசு உறுத்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் 24 ஆண்டுகளாக நகரமைப்புத் துறையில் இருக்கிறேன். பாதிக் காலம் உள்ளாட்சி அலுவலகத்தில் கட்டட விண்ணப்பங்களைப் பரிசீலித்தேன். அப்புறம் தனியாக ஆலோசகர். கட்டுமான நிறுவனங்களுக்கும் வேலை செய்திருக்கிறேன், அவர்களை எதிர்த்த குடியிருப்போர் சங்கங்களுக்கும் செய்திருக்கிறேன். உங்கள் பகுதியின் வரைபடத்தை நான் பார்க்கவில்லை, விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த ஐந்து காரணங்களில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

வெள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். மனுக்களில் இது பெரும்பாலும் ஒரே வரியில் வந்து போகும். என் அனுபவத்தில் மிகவும் கனமான காரணம் இதுதான். கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு பெருமழையில் 5 சென்டிமீட்டர் என்றால் 5 லட்சம் லிட்டர். புல் முளைத்த மண் தரையாக இருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடும். மண்ணின் வகை, சரிவு இவற்றைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வெளியே ஓடும் என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். அதே இடம் கூரையும் கான்கிரீட்டுமாக மாறினால் பத்தில் எட்டு ஒன்பது பங்கு உடனே வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீருக்கு வழி செய்யாமல் கட்டினால் அது பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் போகும். இதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. கட்டிய பிறகு அந்த மனையிலிருந்து தண்ணீர் வெளியேறும் உச்ச வேகம், கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக் கூடாது என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. நிலத்தடியில் ஒரு தொட்டி கட்டி மழைநீரைப் பிடித்துவைத்து, சின்னக் குழாய் வழியாக மெதுவாக விடுவார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழையை வைத்துக் கணக்கிட்டார்கள், தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், பத்து ஆண்டு கழித்து அதைத் தூர்வாரப்போவது யார். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தொட்டி கட்டப்பட்டு, பராமரிப்பு இல்லாமல் சேறு அடைந்து, ஐந்தாம் ஆண்டில் தெருவில் தண்ணீர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு கூட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு மணி நேரம் எல்லோரும் மாறி மாறிக் கோபப்பட்டார்கள். நான் எழுதிவைத்த குறிப்பில் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. கடைசியில் ஒரு அம்மா எழுந்து நான்கு புகைப்படங்களைக் கொடுத்தார். நான்கும் அவர் வீட்டு வாசலில் எடுத்தவை, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது என்ற குறிப்பு. வடிகாலில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது என்பது அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. கட்டுமான நிறுவனத்தின் அறிக்கையில் அந்த வடிகால் நன்றாக வேலை செய்வதாக எழுதியிருந்தார்கள். வரைபடம் திரும்பப் போனது, தொட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கானது, வடிகாலின் ஒரு பகுதியை அந்த நிறுவனமே மாற்றிப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அன்று கையெழுத்துப் பட்டியலும் வந்திருந்தது, முன்னூறுக்கு மேல் பெயர்கள். அதனால் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை.

கழிவுநீரும் இதே போலத்தான். தனி வீடுகளுக்காகப் போட்ட குழாய் 90 வீடுகளைத் தாங்குமா, கீழே உள்ள நீரேற்று நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். "போதுமான வசதி உள்ளது" என்ற ஒரு வரியை ஏற்காதீர்கள். எண் வேண்டும்.

அடுத்தது டிராஃபிக். மனுவில் இதுதான் முதல் காரணம். பயம் நியாயமானது, அளவுதான் மிகையானது. வட அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியாளர்கள் பல்லாண்டுகளாக எண்ணிச் சேர்த்த கணக்குப்படி, ஒரு தனி வீட்டிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 9 வாகனப் பயணங்கள், போவதும் வருவதும் சேர்த்து. நடுத்தர உயர அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு அது சுமார் 5. மாலை நெரிசல் நேரத்தின் ஒரு மணி நேரத்தில் அடுக்கக வீட்டுக்குச் சுமார் 0.4. அப்படியானால் 90 வீடுகளுக்கு 36 வண்டிகள், ஏறக்குறைய 100 நொடிக்கு ஒன்று. தெருமுனையில் இருக்கும் உங்களுக்கு அது கண்ணில் படும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டங்களில் சொல்வதுபோல் தெருவே அடைத்துக்கொள்ளாது. கார் அதிகம் வைத்திருக்கும் நாட்டின் எண்கள் இவை. பேருந்து வசதி நன்றாக இருந்தால் குறையும், எதற்கும் கார் எடுத்தே ஆக வேண்டிய இடமாக இருந்தால் குறையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே நிலத்தில் 20 தனி வீடுகள் வந்தால் நாளைக்கு 180 பயணங்கள். அடுக்ககம் வந்தால் 450. உங்கள் தெருவை மட்டும் பார்த்தால் அடுக்ககம்தான் கூட. ஆனால் அந்த 90 குடும்பங்களும் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? நகரத்தின் வெளி விளிம்பில் தனி வீடுகளில் இருந்தால் 800க்கு மேற்பட்ட பயணங்கள், அதுவும் நீண்ட தூரப் பயணங்கள். அவற்றில் ஒரு பங்கு உங்கள் பிரதான சாலை வழியாகத்தான் ஊருக்குள் வரும். அதை எதிர்த்து மனுப் போட எந்தக் கூட்டமும் கூட்டப்படாது.

டிராஃபிக்கில் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வாசல் எங்கே வருகிறது என்பதை. வளைவுக்குப் பக்கத்தில் வாசல் வைத்தால் ஆபத்து. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே வைத்தால் ஆபத்து. நடைபாதை இல்லாத சாலையில் 90 குடும்பங்களை இறக்கினால் குழந்தைகள் வண்டிகளுக்கு நடுவேதான் நடக்க வேண்டும். வாகன எண்ணிக்கை எந்த நாளில் எடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். வேலையில் சேர்ந்த புதிதில், பள்ளி விடுமுறை வாரத்தில் எடுத்த எண்ணிக்கையை நான் கவனிக்காமல் ஏற்றுக்கொண்டேன். கூட்டத்தில் ஒரு பெற்றோர் அதைச் சுட்டிக்காட்டியபோதுதான் தெரிந்தது. எண்ணிக்கையை மறுபடி எடுக்கச் சொன்னோம், அப்போதுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. அன்றிலிருந்து தேதியைப் பார்க்காமல் எந்த அறிக்கையையும் நான் திறப்பதில்லை. பார்க்கிங் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு கார் இடம் வேண்டும் என்று சங்கம் கேட்டால், அந்த இடத்தின் செலவு வீட்டு விலையில் ஏறும், இரண்டு கார் வைத்திருப்பவர்களே வந்து சேருவார்கள். டிராஃபிக் கூடாது என்று தொடங்கி, டிராஃபிக்கைக் கூட்டும் கோரிக்கையில் போய் முடியும்.

வீட்டு மதிப்பு பற்றிப் பேசும்போது யாரையும் பேராசைக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். டார்ட்மத் கல்லூரியின் பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல் 2001இல் இதை நன்றாக விளக்கினார். பெரும்பாலான குடும்பங்களின் சேமிப்பு முழுவதும் ஒரே வீட்டில், ஒரே தெருவில் அடங்கியிருக்கிறது. வீடு எரிந்தால் காப்பீடு உண்டு. பக்கத்து நிலத்தில் ஏதோ வந்து மதிப்பு சரிந்தால் அதற்குக் காப்பீடு கிடையாது. அதனால் நடக்க வாய்ப்பு குறைந்த ஒன்றுக்குக்கூட மனிதர்கள் பெரிதாகப் பயப்படுகிறார்கள். எதிர்ப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த காப்பீடு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தை இப்படிப் பார்த்தால் அவரோடு பேசுவது கொஞ்சம் எளிதாகும்.

சரி, பயம் நிஜமாகிறதா? வருமானம் குறைந்தவர்களுக்காக அமெரிக்காவில் வரிச்சலுகையில் கட்டப்பட்ட அடுக்ககங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஏழ்மையான பகுதிகளில் அப்படி ஒரு கட்டடம் வந்தபோது, சுமார் 160 மீட்டர் சுற்றுவட்டத்தில் வீட்டு விலை 6.5 சதவீதம் ஏறியது. வசதியான, சிறுபான்மையினர் குறைவாக உள்ள பகுதிகளில் 2.5 சதவீதம் இறங்கியது. எனவே "மதிப்பு குறையவே குறையாது" என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். "பாதியாகிவிடும்" என்று சொன்னால் அதையும் நம்பாதீர்கள். சந்தை விலையில் விற்கும் சாதாரண அடுக்ககத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. அங்கே முடிவுகள் கலவையாக இருக்கின்றன. நிலத்தில் அதிக வீடு கட்ட அனுமதி கிடைத்தால் அந்த வட்டாரத்து மனைகளின் விலை ஏறுவதும் உண்டு. உங்கள் வீடு அடுக்ககத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தால் வெயிலையும் மறைவையும் இழப்பதால் கொஞ்சம் குறையலாம். நான்கு வீடு தள்ளி இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இது என் அனுபவக் கணிப்பு, ஆய்வு முடிவு இல்லை. இன்னொன்று, மதிப்பு குறையும் என்ற வாதத்தை அலுவலகத்தில் ஏற்பார்களா என்று உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். இங்கிலாந்தில் வீட்டு மதிப்பு குறைவதையும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறைவதையும் திட்ட அனுமதிக்கான காரணங்களாக எடுத்துக்கொள்வதே இல்லை.

பாதுகாப்பு என்ற காரணத்துக்கு வரும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டடத்தால் திருட்டு நடக்காது. அந்த வரியை எழுதுபவர்கள் வரப்போகும் மனிதர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நேராகச் சொல்லத் தயங்குகிறார்கள். இதைப் பற்றி மிக நீண்ட ஒரு வழக்கின் வரலாறே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊர், ஃபிலடெல்ஃபியாவின் புறநகர். அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள், ஊர் வளர வளர வீட்டு விலை கட்டுப்படியாகாமல் வெளியேற வேண்டியிருந்தது. எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணியும் மற்றவர்களும் 36 வீடுகள் கொண்ட சிறிய குடியிருப்பு ஒன்றைக் கட்ட அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. 1971இல் வழக்குப் போட்டார்கள். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஊரும் சுற்றுவட்டாரத்தின் எளிய குடும்பங்களுக்கான வீட்டுத் தேவையில் தன் பங்கை ஏற்கும்படி தன் நில விதிகளை வைக்க வேண்டும் என்றது. ஊர்கள் இழுத்தடித்தன. 1983இல் நீதிமன்றம் மறுபடி, இன்னும் கடுமையாகச் சொன்னது. எத்தல் லாரன்ஸ் 1994இல் இறந்துபோனார். அவர் பெயரில் வீடுகள் திறக்கப்பட்டது 2000இல். முதலில் 100 வீடுகள், பின்னால் இன்னும் 40.

அந்த வீடுகளுக்கு எதிராக நடந்த கூட்டங்களில் சொல்லப்பட்டவையும் பெரும்பாலும் உங்கள் மனுவில் இருப்பவைதான்: குற்றம் கூடும், மதிப்பு குறையும், வரி ஏறும். வீடுகள் வந்து பத்து ஆண்டு ஆன பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸ்ஸியின் குழு, அதே போன்ற பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. குற்றம், வீட்டு விலை, வரி மூன்றிலும் அந்தக் குடியிருப்பால் எந்த மாற்றமும் தெரியவில்லை. 2013இல் அந்த முடிவுகள் வெளியாயின. பக்கத்தில் குடியிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்படி ஒரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரியவில்லை. வீடு கிடைத்தவர்களுக்கு வேலை, வருமானம், பிள்ளைகளின் படிப்புச் சூழல் எல்லாம் மேம்பட்டன. நன்றாகக் கட்டி, நன்றாக நிர்வகித்த ஒரே ஒரு குடியிருப்பின் கதை இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மோசமாகப் பராமரிக்கப்படும் கட்டடத்துக்கு இது உத்தரவாதம் ஆகாது. ஆனால் 36 வீடுகளுக்கான ஒரு கோரிக்கை 30 ஆண்டு காத்திருந்ததற்குக் காரணமாகச் சொன்ன பயங்கள் எதுவும் நடக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் உட்காரும்போதெல்லாம் அந்த 30 ஆண்டுதான் என் நினைவுக்கு வரும்.

பகுதியின் தன்மை என்ற காரணமும் பழையதுதான். கிளீவ்லாந்தின் புறநகரான யூக்ளிட் என்ற ஊரின் மண்டல விதிகளை, அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று பிரிக்கும் விதிகளை, 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் தனி வீட்டுப் பகுதிக்குள் வரும் அடுக்ககத்தை வெறும் ஒட்டுண்ணி என்றே எழுதினார் நீதிபதி சதர்லாந்து. மற்றவர்கள் உருவாக்கிய திறந்தவெளியையும் அழகையும் அது உறிஞ்சிக்கொள்கிறது என்பது வாதம். தொழிற்சாலைப் புகையிலிருந்து வீட்டைக் காப்பாற்ற வந்த விதி, ஒரு வகை வீட்டிலிருந்து இன்னொரு வகை வீட்டைக் காப்பாற்றும் விதியாக மாறியது அப்படித்தான்.

அதற்காக நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் சமையலறையில் விழும் வெயில், பின்புறத்தில் யாரும் எட்டிப் பார்க்காத நிம்மதி, தெருமுனையில் நிற்கும் பெரிய மரம், இவை உண்மையான இழப்புகள். ஆனால் "தன்மை" என்று மொத்தமாகச் சொன்னால் அதிகாரி எதையும் காப்பாற்ற முடியாது. பிரித்துச் சொன்னால் முடியும். குளிர்காலத்தில் நிழல் எதுவரை விழும் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் பக்கம் பார்த்த மாடிகள் படிப்படியாக உள்வாங்க வேண்டும், தெருவோரம் 3 மாடியும் உள்ளே 5 மாடியும் இருக்கலாம் என்று கேளுங்கள். எந்த மரம் நிற்க வேண்டும் என்று எண்ணிட்டுக் காட்டுங்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நானே பல முறை எழுதியிருக்கிறேன், கட்டுமான நிறுவனங்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

உங்கள் மனசு ஏன் உறுத்துகிறது என்பதற்கு வருகிறேன். மனுவில் கையெழுத்துப் போட 200 பேர் இருப்பார்கள். அந்த 90 வீடுகளில் குடிவரப்போகிறவர்கள் யார் என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது, அதனால் கூட்டத்துக்கு வர முடியாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்து, பேசியவர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பேசியவர்கள் ஊரின் சராசரியைவிட வயதில் மூத்தவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், நீண்ட நாள் குடியிருப்பவர்கள். புதிய வீடுகளை ஆதரித்தவை சுமார் 15 சதவீதக் கருத்துகள் மட்டும். அதே மாநிலத்தில் 2010இல், எளியவர்களுக்கான வீடுகளுக்கு அனுமதியை எளிதாக்கும் சட்டத்தை நீக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தபோது பெரும்பான்மை மக்கள் வேண்டாம், சட்டம் இருக்கட்டும் என்றார்கள். வாக்குச்சாவடிக்கு வந்த ஊர் வேறு, கூட்டத்துக்கு வந்த ஊர் வேறு. உங்களைப் போல நடுவில் நிற்பவர்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை என்பதும் இதில் அடக்கம்.

புதிய வீடுகள் வந்தால் சுற்றுவட்டார வாடகை குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊர் முழுவதற்கும் வீடுகள் பெருகினால் விலை ஏற்றம் தணியும் என்பதில் இத்துறையில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்த கருத்து உண்டு. ஒரே ஒரு கட்டடம் பக்கத்துத் தெருவில் என்ன செய்யும் என்பதில்தான் விவாதம். அமெரிக்காவின் பெரிய நகரங்களில், வருமானம் குறைந்த பகுதிகளில் புதிய பெரிய கட்டடங்கள் வந்தபோது அருகிலுள்ள வாடகை, வராமல் இருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 5 முதல் 7 சதவீதம் குறைவாக இருந்ததாக ஓர் ஆய்வு உண்டு. அது நகர மையத்தின் கணக்கு, புறநகருடையது இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தது. அதற்குப் பிறகு அனுமதி பெற்ற வீடுகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது, இது உறுதி. வாடகையில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் பொருளியலாளர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் தெருமுனைக் கட்டடம் வாடகையைக் குறைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாத் தெருமுனையிலும் மறுத்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். உங்கள் பகுதியில் ஒரே அளவு வீடுதான் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் அதே பகுதியில் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு இருக்காது. வயதாகி, மாடிப்படி ஏற முடியாமல், சின்ன வீடு போதும் என்று ஆகும்போது உங்களுக்கும் இருக்காது. பழகிய மருத்துவர், பழகிய மனிதர்கள் எல்லோரையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது கையெழுத்து விஷயம். "இந்தத் திட்டத்தை நிராகரிக்க வேண்டும்" என்று மனு சொன்னால் போடாதீர்கள் என்பதே என் கருத்து. காரணம் அறம் மட்டும் இல்லை. நிராகரிக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் காலியாகவே இருந்துவிடாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து இன்னொரு விண்ணப்பம் வரும், சில நேரம் முதலில் வந்ததைவிட மோசமாக வரும், அதற்குள் சங்கத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள். இப்படி இரண்டாவது திட்டத்தில் நடைபாதையும் மரமும் போன இடங்களை எனக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக உங்கள் பெயரில் தனிக் கடிதம் எழுதுங்கள். ஒரே வாசகத்தில் வரும் 200 கடிதங்களை அலுவலகத்தில் ஒரே கருத்தாகத்தான் தொகுப்போம். சொந்தமாகக் கவனித்து எழுதிய ஒரு கடிதத்துக்கு ஒவ்வொரு பத்தியாகப் பதில் எழுதியாக வேண்டும். முதல் வரியிலேயே, இங்கே வீடுகள் வருவதை எதிர்க்கவில்லை, கீழ்க்கண்ட நிபந்தனைகளோடு அனுமதி தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த வரி வந்தாலே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அது அபூர்வம். மழைநீர், வாசல், நடைபாதை, நிழல், மரம், கட்டுமான நேரம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வீடு வந்த பிறகு வரும் தொல்லையைவிட, கட்டும் அந்த இரண்டு ஆண்டு லாரியும் தூசியும் சத்தமும்தான் மக்களை அதிகம் வாட்டும். லாரி எந்தச் சாலையில் வர வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், சுவரில் விரிசல் விழுந்தால் யாரிடம் சொல்வது என்பதை எழுத்தில் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் உள்ளவர்களிடம் ஒளிக்க வேண்டாம். மனு எடுத்துவரும் அண்ணனையோ அக்காவையோ உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "வெள்ளமும் வாசலும் எனக்கும் கவலைதான், அதற்கு நான் தனியாக எழுதுகிறேன், பாதுகாப்பு என்ற வரியில் என்னால் சேர முடியாது" என்று சொல்லிவிடுங்கள். சில பேர் முகம் சுளிப்பார்கள். நான் பார்த்தவரை, இப்படி ஒருவர் சொன்ன பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் தனியாக வந்து "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்வது வழக்கம்.

16 நாள் குறைவுதான், ஆனால் போதும். முதலில் அலுவலகத்துக்குப் போய் மழைநீர் அறிக்கையையும் வாகன எண்ணிக்கை அறிக்கையையும் கேளுங்கள். பல இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்க வேண்டியவை அவை, நகல் தர மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். பள்ளமான வீடுகளில் இருப்பவர்களிடம் பழைய மழைப் படங்கள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அறிக்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று அம்புக்குறி போட்ட பக்கம் ஒன்று இருக்கும். புரியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும், முகவரியை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.